பத்தாம் வகுப்பு மகளும் முகம் தெரியாத ஐடியும்: ஒரு தந்தைக்குப் பதில்

சேலம் அம்மாபேட்டைப் பக்கம் விசைத்தறி வைத்திருக்கும் தந்தை ஒருவரின் கேள்வி இது. பத்தாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகள், நேரில் பார்த்திராத ஒருவனோடு இன்ஸ்டாகிராமில் இரண்டு மாதமாகப் பேசி வந்திருக்கிறாள். அவளுடைய அண்ணன் அதைப் பார்த்துவிட்டு வீட்டில் சொல்லியிருக்கிறான். அன்றிரவே போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். பெண் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. "இனிப் போனே கொடுக்காமல் இருந்தால் போதுமா, படிப்பை நிறுத்திவிடலாமா, இப்படி மாட்டிக்கொள்ளும் பெண் என் மகள் இல்லையே" என்று அவர் எழுதியிருக்கிறார். போனை என்ன செய்வது என்று கேட்பதுபோல் இருந்தாலும், அவர் மனத்தில் இருக்கும் கேள்விகள் இரண்டு என்று எனக்குப் படுகிறது. இணையத்தில் எப்படிப்பட்ட பெண் பிள்ளைகளுக்கு ஆபத்து நேர்கிறது என்பது ஒன்று. தன் மகளுக்கு ஏற்கெனவே ஏதேனும் நேர்ந்துவிட்டதா, அதை எப்படித் தெரிந்துகொள்வது என்பது மற்றொன்று. நான் மருத்துவ உளவியல் பயின்றவள். சேலம் நகரப் பள்ளிகளிலும் ஏற்காட்டு விடுதிப் பள்ளிகளிலும் பல ஆண்டுகளாக வளரிளம் பெண்களோடு பேசிவருகிறேன். வழக்கறிஞர் அல்ல, புகார் கொடுக்கப் போன பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அளவுக்குத்தான் எனக்குச் சட்டம் தெரியும். கீழே வரும் பிள்ளைகளின் விவரங்களை யாரென்று தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

ஆய்வுகள் ஓரளவு உறுதியாகச் சொல்வதிலிருந்து தொடங்குகிறேன். இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் வோலாக், டேவிட் ஃபிங்கெல்ஹோர் முதலியோர் செய்த பணி. இணையத்தில் தொடங்கிக் கைதில் முடிந்த பாலியல் குற்றங்களை ஆராய்ந்து அவர்கள் 2008-இல் எழுதிய கட்டுரையில், தன்னைப் பதின்வயதுப் பையனாகக் காட்டி ஏமாற்றியவர்கள் 5 சதவீதம் மட்டுமே என்று தெரிவித்தார்கள். பெரும்பாலோர் தாங்கள் வயது வந்தவர்கள் என்பதை மறைக்கவில்லை. என்ன நோக்கத்தில் பழகினார்கள் என்பதையும் வெகுநாள் மறைக்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களில் அநேகமாக எல்லோரும் 13 முதல் 17 வயதுக்கு உட்பட்டவர்கள். நேரில் சந்தித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒருமுறைக்கு மேல் போய்ச் சந்தித்தார்கள். அதாவது, கடத்திக்கொண்டு போகும் அந்நியன் என்று நாம் பயந்துகொண்டிருக்கும் ஆள் அங்கே அபூர்வம். தன்னை ஒருவன் விரும்புகிறான் என்று நம்பி, தானே கிளம்பிப் போன பிள்ளைகளே அதிகம். இதை அப்படியே சேலத்துக்குப் பொருத்தக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவை ஸ்மார்ட்போனுக்கு முந்தைய காலத்து வழக்குகள். பெண் பெயரில் ஃபேக் ஐடி தொடங்கித் தோழியாக நுழைவது இங்கே நான் அடிக்கடி காணும் வழி. அந்த 5 சதவீதம் என்ற எண்ணை விட்டுவிடலாம். பிள்ளை அந்த உறவைத் தீங்காக உணர்வதே இல்லை, அன்பாகத்தான் உணர்கிறாள் என்ற பகுதி இங்கும் முழுக்கப் பொருந்துகிறது.

அது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால்தான் உங்கள் மகளின் மூன்று நாள் மௌனம் உங்களுக்குப் புரியும். முதலில் அவள் போட்ட ரீல்ஸுக்குக் கீழே ஒரு பாராட்டு வரும். பிறகு தனிச்செய்தியில் "சாப்டியா", "மேக்ஸ் டெஸ்ட் எப்படிப் போச்சு" என்று தொடங்கும். இந்த இரண்டு கேள்வியையும் அன்றைக்கு வீட்டில் யாருமே அவளிடம் கேட்டிருக்கமாட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். இரண்டு வாரத்தில் அப்பா எத்தனை மணிக்குத் தறிக்கூடத்துக்குப் போவார், அம்மா எப்போது தூங்குவார், அண்ணனோடு என்ன சண்டை என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்துவிடும். பிறகு, இங்கே வேண்டாம், வாட்ஸ்அப்புக்கு வா, அல்லது பார்த்ததும் செய்தி அழிந்துபோகும் ஸ்நாப்சாட்டுக்கு வா என்பான். அடுத்தது புகைப்படம்: முதலில் பள்ளிச் சீருடையில், பிறகு வீட்டு உடையில், பிறகு அதற்கும் மேலே. மறுத்தால் திட்டமாட்டான், பேசாமல் இருந்துவிடுவான். சேலத்தில் குகை என்ற பகுதியைச் சேர்ந்த பெண்ணொருத்தி என்னிடம் காட்டிய உரையாடலில், அவன் வாய் திறக்காத இரண்டு நாளும் அவள் வரிசையாக "ஸாரி" அனுப்பியிருந்தாள். ஒவ்வொன்றையும் அவன் பார்த்துவிட்டான் என்ற அடையாளம் இருந்தது, பதில் மட்டும் இல்லை. அவன் கேட்டதை அவள் அனுப்பிய சற்று நேரத்தில் பதில் வந்தது. அவளுடைய ஃபாலோயர் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட் அது. அதில் சித்தப்பா மகன், டியூஷன் அக்கா, வகுப்புத் தோழிகள் ஆகியோரின் பெயர்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தது. அதற்குப் பிறகு அவன் மிரட்டும் வார்த்தை எதுவும் எழுதத் தேவைப்படவில்லை.

எல்லாப் பேச்சும் இப்படி முடிவதில்லை. முகம் தெரியாதவர்களோடு பேசும் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பெரிய தீங்கு எதுவும் நேர்வதில்லை. சலித்துப்போய் அவர்களே விட்டுவிடுகிறார்கள். ஐரோப்பாவில் 25 நாடுகளில் 9 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் 2010-இல் நடத்தப்பட்ட பெரிய ஆய்வின் முக்கியமான முடிவே, ஆபத்தான சூழலில் இருப்பதும் தீங்குக்கு ஆளாவதும் ஒன்றல்ல என்பதுதான். அப்படியானால் யாருக்கு அது தீங்காக முடிகிறது? இதற்கு ஓரளவு நல்ல விடை தருவது ஜென்னி நோல் என்ற உளவியலாளர் தம் குழுவினரோடு 14 முதல் 17 வயது வரையுள்ள 251 பெண்களை ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், சிறு வயதில் அடி, புறக்கணிப்பு அல்லது பாலியல் துன்பத்துக்கு ஆளானதாக உறுதி செய்யப்பட்டவர்கள். மொத்தப் பெண்களில் 30 சதவீதம் பேர், இணையத்தில் மட்டுமே அறிந்த ஒருவரை அந்தக் காலத்துக்குள் நேரில் போய்ச் சந்தித்திருந்தார்கள். முன்பே காயப்பட்ட பிள்ளைகளும், மன உளைச்சல் அல்லது நடத்தைச் சிக்கல் உள்ள பிள்ளைகளும் இணையத்தில் துணிச்சலான காரியங்களில் அதிகம் இறங்கினார்கள். உங்களைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றும் அதில் உண்டு: வீட்டில் தடுப்பு மென்பொருள் இருந்ததா இல்லையா என்பதால் பெரிய வேறுபாடு காணப்படவில்லை; பெற்றோரோடு இருந்த உறவின் தரமும், அவர்கள் உண்மையில் எவ்வளவு கவனித்தார்கள் என்பதும் வேறுபாட்டை உண்டாக்கின. ஃபிங்கெல்ஹோரின் குழுவும் பல ஆய்வுகளில் இதையொத்த ஒன்றையே கண்டது. இணையத்தில் துன்புறுத்தப்படும் பிள்ளை பெரும்பாலும் வெளியிலும் துன்புறுத்தப்படுகிற பிள்ளையாக இருக்கிறாள்.

இதைப் படித்துவிட்டு உங்கள் வீட்டில் ஏதோ தவறு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இவை கூட்டத்தைப் பற்றிய உண்மைகள். ஒரு தனிப் பெண்ணைக் காட்டி, இவள் இதனால்தான் பேசினாள் என்று சொல்ல யாராலும் முடியாது. நன்றாகப் படிக்கும், அன்பான வீட்டுப் பிள்ளைகளும் என்னிடம் வந்திருக்கிறார்கள். ஆனாலும் "என் மகள் அப்படிப்பட்டவள் இல்லை" என்ற உங்கள் வாக்கியத்தை மறுத்தாக வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அப்படிப்பட்டவள் என்று ஒரு வகை கிடையாது. என்னிடம் வந்தவர்களில் அடிக்கடி கண்டதைச் சொன்னால், நிறத்தையோ உடம்பையோ சொல்லி வீட்டிலும் வகுப்பிலும் கேலி செய்யப்பட்டவர்கள், அப்பாவின் குடியால் இரவில் தூங்க முடியாதவர்கள், உறவினர் ஒருவர் முன்பே தகாத முறையில் தொட்டதை யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருந்தவர்கள், புதிதாகப் பள்ளி மாறித் தோழியில்லாமல் இருந்தவர்கள் ஆகியோர் நினைவுக்கு வருகிறார்கள். இது என் அறைக்கு வந்தவர்களைப் பற்றிய அனுபவம் மட்டுமே; வராதவர்களையும் சேர்த்துப் பார்த்தால் படம் மாறக்கூடும்.

இன்னொரு திசையையும் பார்க்க வேண்டும். வெளியூர்க்காரன் என்று நினைத்த ஐடிக்குப் பின்னால் தெரிந்த முகம் இருப்பது இங்கே சாதாரணம்: முன்பு பேசிப் பிரிந்த பையன், மாமன் மகன், டியூஷனில் பின்பெஞ்சில் உட்காருபவன், ரீசார்ஜ் செய்யக் கொடுத்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்ட கடைப் பையன். சில சமயம், சொல்லவே சங்கடமாக இருக்கிறது, கோபத்தில் இருக்கும் பழைய தோழியே ஃபேக் ஐடியை நடத்தியிருப்பாள். மலையில் இது வேறு உருவம் எடுக்கிறது. ஏற்காட்டு விடுதிப் பிள்ளைகள் பள்ளி நாட்களில் போனைத் தொடுவதில்லை. ஏப்ரல், மே விடுமுறையில் வீட்டுக்கு வந்ததும் கேட்பாரில்லாமல் நாள் முழுக்க அது கைக்குள் இருக்கும். என்னிடம் வரும் விடுதிப் பிள்ளைகளின் கதை பெரும்பாலும் அந்த இரண்டு மாதத்தில் தொடங்கியதாக இருக்கும். சேர்வராயன் மலைக் கிராமங்களிலோ வீட்டுக்கு ஒரு போன்தான். சிக்னலுக்காக மேட்டில் போய் நிற்க வேண்டும். அண்ணனின் போனில் தன் கணக்கைத் திறந்தவள் மூடாமல் கொடுத்துவிடுவாள். அதிலிருந்து படத்தை எடுத்தவன் அண்ணனின் நண்பனாக இருப்பான். ஆகவே "தெரியாதவர்களிடம் பேசாதே" என்ற ஒற்றை அறிவுரை, நடக்கும் தீங்கில் கணிசமான பகுதியைத் தொடுவதே இல்லை.

இவ்வளவு பேரும் நம்பியிருப்பது ஒன்றைத்தான்: வீட்டில் தெரிந்தால் தொலைந்தோம் என்ற பெண்ணின் பயம். மிரட்டுகிறவனுக்குக் கையில் இருக்கும் படம் பாதி பலம். அந்தப் படத்தைப் பார்த்தால் அப்பா என்ன செய்வார் என்று அவளுக்கு இருக்கும் அச்சம் மீதிப் பாதி. படம் பொய்யாக இருந்தாலும் அச்சம் குறைவதில்லை. 2016-இல் நம் மாவட்டத்திலேயே, பட்டப்படிப்பு முடித்த இளம்பெண் ஒருவரின் முகத்தை மார்ஃபிங் செய்து முகநூலில் போட்டார்கள். குடும்பம் புகார் கொடுத்திருந்தும் படங்கள் நீக்கப்படுவதற்குள் அவருடைய உயிர் போய்விட்டது. விசாரணையில் நேர்ந்த தாமதத்துக்காக மாவட்டக் காவல்துறைத் தலைமையே பின்னர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. இன்று ஒருவரின் சாதாரணப் புகைப்படத்தை ஆபாசப் படமாக மாற்றச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இருப்பதால், படமே அனுப்பாத பெண்ணும் மிரட்டப்படலாம். இப்போது படிப்பை நிறுத்துவதைப் பற்றிச் சொல்கிறேன். படிப்பு நின்றதும் அடுத்து வருவது ஜாதகம் பார்ப்பது. "விஷயம் வெளியே தெரிவதற்குள் முடித்துவிடுவோம்" என்று 18 நிறையாத பெண்ணுக்குத் திருமணப் பேச்சு எடுத்த வீடுகளை இந்த மாவட்டத்தில் நான் பார்த்திருக்கிறேன். 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி அது குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். வகுப்பில் இருக்கும் மற்றப் பெண்கள் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சொன்னால் பள்ளியை நிறுத்திவிடுவார்கள் என்று அவர்களும் தெரிந்துகொள்கிறார்கள். அடுத்து மாட்டிக்கொள்ளும் பெண் கடைசிவரை வாய் திறக்கமாட்டாள். படிப்பை நிறுத்தக் கூடாது என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

போன் விஷயத்தில் அவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. கட்டுப்பாட்டால் பயனில்லை என்பதல்ல. போன் குறைந்தால் ஆபத்தும் ஓரளவு குறைகிறது என்று ஐரோப்பிய ஆய்வுகள் காட்டுகின்றன. கூடவே, பிள்ளை தானே சமாளிக்கக் கற்றுக்கொள்ளும் திறமையும் குறைகிறது. உங்கள் நிலைமையில் எனக்குக் கவலை தருவது வேறொன்று. அவன் ஏற்கெனவே மிரட்டத் தொடங்கியிருந்தால், போன் பூட்டப்பட்ட மூன்று நாளில் அவனிடமிருந்து என்ன வந்திருக்கிறது என்று தெரியாமல் அவள் தவித்துக்கொண்டிருக்கலாம். அவள் சாப்பிடாததற்குக் காதல் பிரிவு காரணமாக இருக்கலாம், இதுவும் காரணமாக இருக்கலாம். இதைத் தூரத்திலிருந்து என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அவளுக்குத் தெரியாமல் உளவுச் செயலியை ஏற்றலாமா என்று கேட்கும் பெற்றோர் பலர். என் அனுபவத்தில் பிள்ளை அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகாது. கண்டுபிடித்தபின் தோழியின் போனுக்கு மாறிவிடுவாள், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது வெறும் பாடப் புத்தகச் செயலிகளாக இருக்கும். அவளுக்குத் தெரிந்தே செய்யும் ஏற்பாடுகள் மேல். இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில் பதின்வயதினருக்கென ஒரு தனிக் கணக்கு முறையைக் கொண்டுவந்து பின்னர் இந்தியாவுக்கும் விரிவாக்கியது. அதில் கணக்கு இயல்பாகவே பூட்டப்பட்டிருக்கும், பிள்ளை பின்தொடராத, முன்பே தொடர்பில் இல்லாத எவரும் செய்தி அனுப்ப முடியாது, 16 வயதுக்குக் கீழே இருந்தால் இந்த அமைப்பை மாற்றப் பெற்றோரின் அனுமதி வேண்டும். கணக்குத் தொடங்கும்போது பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டிருந்தால் இவை எதுவும் வேலை செய்யாது. நம் பிள்ளைகளில் பலர் போட்டிருப்பது பொய்யான ஆண்டு. அதை முதலில் பாருங்கள்.

இன்று இரவே செய்ய வேண்டியது பேசுவது. பள்ளிப் பெற்றோர் கூட்டங்களில் இதைப் பற்றி நான் பேசும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் அநேகமாகத் தாய்மார்கள்தாம். தந்தை ஒருவர் தாமே கேட்டு எழுதியிருப்பது எனக்கு மகிழ்ச்சி. அதனால் சொல்கிறேன்: முதல் வார்த்தை உங்களிடமிருந்து வந்தால் நல்லது, ஏனென்றால் அவள் அஞ்சுவது உங்களை. கேள்வியாகத் தொடங்காதீர்கள், "யார் அவன், என்ன அனுப்பினாய்" என்று தொடங்கினால் கிடைப்பது மறுப்பு. "கோபத்தில் போனைப் பிடுங்கிவிட்டேன். யாராவது உன்னைப் பயமுறுத்தினால், நீ என்ன அனுப்பியிருந்தாலும் சரி, நானும் அம்மாவும் உன் பக்கம்தான் நிற்போம், பள்ளிக்கூடத்தை நிறுத்தமாட்டோம்" என்று உங்கள் பேச்சில் சொல்லிவிட்டு, பதிலை எதிர்பார்க்காமல் எழுந்துவிடலாம். பெரும்பாலான பெண்கள் உடனே சொல்வதில்லை. ஓரிரு நாள் கழித்து அம்மாவிடமோ அத்தையிடமோ பாதியைச் சொல்வார்கள், அதற்கு நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்று பார்த்துவிட்டுத்தான் மீதி வரும். மகனை இதிலிருந்து விலக்கி வையுங்கள். அவன் நல்லெண்ணத்தில்தான் சொன்னான். ஆனால் தங்கைக்குக் காவலாளியாக அவனை நியமித்தால் அவள் இழப்பது அண்ணனை. அவன் அந்தப் பையனைத் தேடிப் பிடித்து அடிக்கக் கிளம்புவதும், அந்த ஐடிக்குத் திட்டி எழுதுவதும் சான்றுகளை அழிக்கும், படத்தைப் பரப்பவும் தூண்டும். இரவில் அவள் தனி அறையில் கதவைத் தாழிட்டுப் படுப்பதாக இருந்தால் சில நாள் அம்மா பக்கத்தில் படுத்துக்கொள்ளட்டும். சாக வேண்டும் என்ற பேச்சு எந்த வடிவில் வந்தாலும் அதை நடிப்பு என்று தள்ளாதீர்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் நேரே போகலாம்.

படமோ வீடியோவோ போயிருக்கிறது என்று தெரியவந்தால் பதறி எதையும் அழிக்க வேண்டாம். அந்த ஐடியின் பெயர், அதன் இணைய முகவரி, தேதி, மிரட்டல் செய்தி, பணம் கேட்டிருந்தால் அந்த எண் ஆகியவை தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு அவனை பிளாக் செய்யலாம். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கொடுத்தவரிடம் மீண்டும் கேட்பார்கள், இதில் விதிவிலக்கை நான் கண்டதில்லை. மகளின் படத்தை "என்ன செய்வது" என்று கேட்பதற்காக மச்சானுக்கோ வார்டு உறுப்பினருக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பும் பெற்றோர் இருக்கிறார்கள்; குழந்தையின் அத்தகைய படத்தை அனுப்புவது, அனுப்புபவர் யாராக இருந்தாலும், சட்டத்தில் சிக்கலாகும். போனை அப்படியே காவல் நிலையத்தில் காட்டுவதே சரி. படம் பரவாமல் தடுக்க, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்காக 2023-இல் தொடங்கப்பட்ட டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை எங்கும் ஏற்ற வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே அதற்கு ஓர் இலக்கக் கைரேகை, அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டும் ஓர் எண், உருவாகும், அந்த எண் மட்டும் இன்ஸ்டாகிராம், முகநூல், ஸ்நாப்சாட் போன்ற நிறுவனங்களுக்குப் போகும், அதே படம் அங்கே ஏற்றப்பட்டால் அடையாளம் காணப்படும். படத்தை வெட்டியோ திருத்தியோ ஏற்றினால் இது தவறவிடலாம். வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வதை இதனால் தடுக்க முடியாது. 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், அந்தரங்கப் படம் குறித்துப் பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் நிறுவனம் அதை நீக்க வேண்டும் என்று வகுத்தன. ஆகவே நிறுவனத்திடமும் புகார் பதிவாகியிருக்கட்டும்.

சட்டம் பிள்ளையின் பக்கம் இருக்கிறது என்பதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், புகார் கொடுத்தால் பெண்ணின் பெயர் ஊரெல்லாம் நாறிவிடும் என்ற பயம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012-இல் வந்தது; 18 வயது நிறையாத எவரும் அதில் குழந்தை. பாலியல் நோக்கத்தோடு இணையம் வழியே விடாமல் தொடர்வதும், படத்தைக் காட்டி மிரட்டுவதும் 11-ஆம் பிரிவில் வருகின்றன. மூன்று ஆண்டு வரை சிறை. குழந்தையை ஆபாசப் படத்துக்குப் பயன்படுத்தினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஐந்து ஆண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு, படத்தைப் பரப்புவதை மட்டுமல்லாமல் சேகரிப்பதையும் தேடுவதையும்கூடக் குற்றமாக்குகிறது. அப்படிப்பட்ட படத்தைத் தனியே இறக்கிப் பார்ப்பது குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியதை, அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பிள்ளை காவல் நிலையத்துக்கு வரத் தேவையில்லை. வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும் என்பது போக்சோ சட்டத்தின் 24-ஆம் பிரிவு. அவளுடைய பெயர், படம், பள்ளி எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது. எந்த நிலையத்தில் கொடுப்பது என்றும் குழம்ப வேண்டாம். அம்மாபேட்டை மாநகரக் காவல் எல்லை, ஏற்காடு மாவட்டக் காவல் எல்லை. ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, எல்லை எதுவானாலும் புகாரைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அனைத்து மகளிர் காவல் நிலையம், சைபர் கிரைம் பிரிவு, தேசிய சைபர் குற்ற இணையதளம், 1098 என்ற குழந்தைகள் உதவி எண் ஆகிய நான்கில் எதில் தொடங்கினாலும் சரி. அந்த இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். பெயரோடு பதிந்தால்தான் அதன் நிலையைத் தொடர்ந்து பார்க்க முடியும்.

சட்டம் எழுதியிருப்பதற்கும் நிலையத்து மேசையில் நடப்பதற்கும் இடைவெளி இருப்பதை மறைக்கமாட்டேன். "பெண்ணை அடக்கி வையுங்கள்" என்று சொல்லி அனுப்பப்பட்ட குடும்பங்களும் உண்டு, அன்று மாலையே ஐடியைக் கண்டுபிடித்துக் கொடுத்த அதிகாரிகளும் உண்டு. முதல் வகை நேர்ந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையோ குழந்தைகள் நலக் குழுவையோ அணுகுங்கள். அவர்களில் ஒருவர் கூட வந்தால் பேச்சின் தொனி மாறுவதைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு சிக்கலையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. ஐடிக்குப் பின்னால் இருப்பவன் பதினாறு, பதினேழு வயதுப் பையனாகவும், இருவரும் விரும்பியே பேசியவர்களாகவும் இருந்தால், நம் சட்டம் அந்த விருப்பத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. வழக்கானால் அவன் சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிற்க வேண்டியிருக்கும். குற்றம் நடந்திருப்பதை அறிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது ஆலோசகர், ஆசிரியர், மருத்துவர் உட்பட எல்லோருக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி கடமை. "டாக்டரம்மா, வெளியே சொல்லிவிடாதீர்கள்" என்று கேட்கும் பெற்றோருக்கு அந்த உறுதியை என்னால் தர முடியாது என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறேன், பிள்ளையிடமும் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால், இப்போதைக்குப் புகார் கொடுக்கும் அளவுக்கு எதுவும் தெரியவில்லை. நேரில் பார்க்காத ஒருவனோடு இரண்டு மாதம் பேசினாள், அவ்வளவே. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையாலேயே போனைத் திறக்கச் சொல்லுங்கள்; அவள் காட்டுவதை மட்டும் பாருங்கள். அவன் தன் படத்தையோ வீடியோ அழைப்பையோ தொடர்ந்து தவிர்த்திருந்தால், வேறு செயலிக்கு வரச் சொல்லியிருந்தால், படம் கேட்டிருந்தால், ஏற்காட்டுக்கோ புதிய பேருந்து நிலையத்துக்கோ வா என்று அழைத்திருந்தால், உங்களுக்குத் தெரியாத ரீசார்ஜோ பரிசோ அவளுக்கு வந்திருந்தால், எதையும் அழிக்காமல் அன்றே 1098-ஐ அழையுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் பிறந்த ஆண்டைச் சரிசெய்து, கணக்கைப் பூட்டி, அந்த ஐடியை அவளே பிளாக் செய்த பிறகு போனைத் திருப்பிக் கொடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் வீட்டிலுள்ள எல்லோருடைய போனும், உங்களுடையதும் மகனுடையதும் உட்பட, கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கட்டும். அரசுப் பொதுத்தேர்வுக்கான வினாத்தாள்களும் பாட வீடியோக்களும் அந்தப் போனில்தான் இருக்கும். அது பீரோவுக்குள் கிடக்கும் ஒவ்வொரு நாளும் பாடத்துக்கும் நஷ்டம்.